ரேஸ் சைக்கிள் வாங்கிய வருஷம்

ஆம்பூர், 1934 ஜூன் 4, திங்கள்

பக்ருன்னிசா வீட்டுக்கு நான் போய்ச் சேர்வதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. ஆண். இருவரும் நலம். தொப்புள்கொடியைத் தெருக்கோடி மருத்துவச்சியே அறுத்துவிட்டாள். வழக்கம்போல் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன். கழுவிய கையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

இப்படி நான் தாமதமாகப் போவது இது முதல் தடவை அல்ல. சென்ற வருஷம் முக்தார் அகமது சாயபுவின் மருமகள் அஃப்ஸர் ஜஹானுக்கு முதல் பிரசவம். நான் உள்ளே நுழைந்தபோது குழந்தை கழுத்தில் கொடி சுற்றி, மூச்சில்லாமல் கிடந்தது. கொஞ்சம் முன்னால் போயிருந்தால் — வேண்டாம். அதை எழுத ஆரம்பித்தால் நிற்காது.

திரும்பி வரும்போது சாயபு தம் தோல் பதனிடும் டேனரியின் வாசலில் நின்றுகொண்டிருந்தார். மரியாதையாகத்தான் பேசினார். "நர்ஸம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கும் வயசு ஜாஸ்தி ஆவுது. மருமவ மறுபடியும் உண்டாயிருக்கா. வேலூர்லேருந்து சின்ன வயசு நர்ஸ் ஒருத்திய கூட்டியாந்து வீட்டோட வெச்சுக்கலாம்னு யோசனை."

எனக்குச் சுரீரென்றது. இந்த ஊரில் திரைக்குள் இருக்கும் கோஷாப் பெண்கள் முகம் காட்டும் ஒரே வெளியாள் நான். அவருடைய பிள்ளைகள் எல்லோரையும் முதலில் கையில் ஏந்தியவள் நான். என் கால்கள் நன்றாகவே இருக்கின்றன, வண்டிதான் பழசு என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று பட்டது. அந்த சைக்கிள் ஓர் எருமை. என் கணவர் உயிரோடு இருந்தபோது வாங்கியது. அவர் போயே பதினேழு வருஷமாகிறது.

அஃப்ஸருக்கு செப்டம்பரில் நாள். அதற்குள் வழி செய்ய வேண்டும். அந்தக் குழந்தைக்கு நான் தாமதமாகப் போகக் கூடாது.

ஜூன் 9, சனி

ஸ்டேஷன் ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஷபீ அஹமதிடம் வேகமான வண்டி கிடைக்குமா என்று கேட்டேன். சென்னையில் ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி பந்தயத்துக்கென்றே சீமையிலிருந்து தருவித்த வண்டியாம். பெண்கள் ஓட்டும்படி நடுவில் குறுக்குக்கம்பி கிடையாது. சீமாட்டி கப்பலேறப் போகிறாள், விற்றுவிடுவாள் என்றார். சக்கரம் என் சுண்டுவிரல் தடிமன். ஒரு கையால் தூக்கிவிடலாமாம்.

இதில் போனால் வேகம் கூடுமா என்று நேராகவே கேட்டேன். "மிதிக்கிறது நீங்கதானேம்மா" என்றார் ஷபீ. வியாபாரம் தெரியாத மனிதர். தருவிக்கச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 15, வெள்ளி

வண்டி கூட்ஸில் வந்து இறங்கியது. விலையை இங்கே எழுதப் போவதில்லை.

கைப்பிடி கிடாக்கொம்பு மாதிரி கீழே வளைந்திருக்கிறது. அதைப் பிடிக்க வேண்டுமானால் குனிய வேண்டும். நான் யாருக்கும் குனிந்து பழக்கமில்லை. நான் படித்த கான்வென்ட்டில் முதுகு நிமிராமல் உட்கார்ந்தால் பிரம்பு பேசும். பின்னால் கேரியரும் இல்லை. பையைத் தோளில் குறுக்காக மாட்டிக்கொள்ள வேண்டுமாம், தபால்காரனைப் போல.

சமையல் செய்யும் செண்பகம் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். "இன்னாம்மா இது, வண்டிக்கு உடம்பு சரியில்லியா? தலைய தொங்கப் போட்டுக்கினு நிக்குது" என்றாள். போய் அடுப்பைக் கவனி என்றேன்.

ஜூன் 16

விழுந்தேன். யாரும் பார்க்கவில்லை.

ஜூன் 17, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து வரும் வழியில் ஸ்டேஷன் மாஸ்டர் கோதண்டபாணி முழங்கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். பார்த்திருக்கிறார்.

ஜூன் 21, வியாழன்

இன்று பரீட்சை. என் வீட்டு கேட்டிலிருந்து முக்தார் சாயபு வீடு வரை போய்த் திரும்புவது. முதலில் எருமையில், சற்று இளைப்பாறிவிட்டுப் புதியதில். ரயில்வே கடிகாரத்தோடு கேட்டில் நின்றது கோதண்டபாணி. ரயில்வே கடிகாரம் யாருக்கும் தாட்சண்யம் பார்ப்பதில்லை.

பெரிய ரோட்டில் பறந்தேன். அதை மறுக்க முடியாது. காற்று முக்காட்டைப் பின்னால் இழுத்தது. எதிரே வந்த மாட்டுவண்டிக்காரன் சிலுவை போட்டுக்கொண்டான் — அவன் கிறிஸ்தவன்கூட இல்லை. ஆனால் டேனரிச் சந்தில் சேறு அடங்குவதற்காக, தோல் பதனிட்டுச் சாறு இறங்கிய ஆவாரம்பட்டையைக் கூடை கூடையாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். இத்தனை வருஷமாக எருமை அதன்மேல் அலட்சியமாக ஏறிப் போயிருக்கிறது. புதுச் சக்கரமோ வெண்ணெயில் கத்தி இறங்குவது போல் இறங்கிவிட்டது. இறங்கித் தள்ளினேன். கோதண்டபாணி கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்தார். பிறகு வித்தியாசத்தைச் சொன்னார். ஒரு வெற்றிலை போட்டு முடிக்கும் நேரம்கூட இல்லை.

கடிகாரத்தை வாங்கி நானே பார்த்தேன். காதில் வைத்தும் கேட்டேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

எப்படி? எடை பாதி. சக்கரம் பாதி. வேகம் மட்டும் ஏன் கூடவில்லை? காற்று எதிராக இருந்ததா? நான்தானா? அறுபத்திரண்டு என்ன பெரிய வயசா?

ஜூன் 30

ரயில்வே கேட் சாத்தியிருந்தது. பந்தய வண்டியோடு நான். பக்கத்தில் ஈரத்தோல் ஏற்றிய கட்டைவண்டி. கேட் திறந்தபோது மாடு முந்திக்கொண்டது.

ஜூலை 12, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

டேனரியில் தோல் சுமக்கும் வேலுவின் மனைவி ஜெயம்மாளுக்கு வலி என்று காலையில் ஆள் வந்தான். அவன் சொல்லி வாய் மூடுவதற்குள் நான் ரோட்டில் இருந்தேன். கேட் திறந்திருந்தது. டேனரிச் சந்துக்குள் நுழையாமல் நல்ல ரோட்டிலேயே சுற்றிப் போனேன். இந்த ஊரில் இதைவிட வேகமாக யாரும் போக முடியாது. மோட்டார் வைத்திருப்பவரும் அந்தக் குடிசை வரை போக முடியாது.

குழந்தை பிறந்திருந்தது. அது மட்டும் அல்ல. குளிப்பாட்டியிருந்தார்கள். பழந்துணியில் சுற்றி, கன்னத்தில் மைப்பொட்டு வைத்து, சாம்பிராணியும் போட்டிருந்தார்கள். ஜெயம்மாள் கஞ்சி குடித்து முடித்து, கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது.

அந்தக் கிண்ணத்தைப் பார்த்தபடியே நின்றேன். உலர்ந்துவிட்ட கிண்ணம்.

என்னிடம் ஆள் வந்தபோதே குழந்தை பிறந்து வெகு நேரமாகியிருக்க வேண்டும். எப்போது வலி கண்டது என்று கேட்டேன். வேலுவின் தாயார் கூரையைப் பார்த்தாள். ஜெயம்மாள் குழந்தையைப் பார்த்தாள். பிறகுதான் என் பக்கம் திரும்பினார்கள். அவர்கள் என்னைப் பார்த்த பார்வை — அதை எங்கேயோ பார்த்திருக்கிறேன். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகள் கான்வென்ட் சிஸ்டரைப் பார்க்கும் பார்வை.

ஜூலை 13, வெள்ளி

அஃப்ஸர் ஜஹானைப் பரிசோதிக்கப் போனேன். வயிறு நன்றாக வளர்ந்திருக்கிறது. தலை இன்னும் இறங்கவில்லை. கால் வீக்கம் கொஞ்சம். உப்பைக் குறைக்கச் சொன்னேன். அவள் "சரிங்க, சரிங்க" என்றாளே தவிர ஒரு கேள்வி கேட்கவில்லை. இரண்டாம் தடவை சுமக்கிறவளுக்குக் கேட்க ஒன்றும் இல்லாமல் இருக்குமா?

உள்முற்றத்தில் அந்த வீட்டுச் சிறுமிகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி படுத்து முனகினாள். இன்னொருத்தி துடைப்பத்தின் மேல் ஏறி, தலையைக் குனிந்துகொண்டு, தோளில் ஒரு துணிப்பையோடு ஓடி வந்தாள். இறங்கி முதுகை நிமிர்த்தினாள். மூக்கைத் தூக்கினாள். பிறகு சுத்தமான புத்தகத் தமிழில் சொன்னாள்:

"இது வலி அல்ல. அஜீரணம். இதற்காகவா என்னை அழைத்தீர்கள்? உங்கள் வீட்டில் யாருக்கும் அறிவு கிடையாதா?"

படுத்திருந்தவள் கையெடுத்துக் கும்பிட்டு, தெரியாம செஞ்சிட்டோம் நர்ஸம்மா, மன்னிச்சிடுங்க என்றாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். துடைப்பம் கீழே விழுந்தது. ஒரு நொடியில் முற்றம் காலி.

சாயபுவின் மனைவி அன்வரி பேகம் வந்து கையைப் பிடித்து உட்கார வைத்தார். பசங்க விளையாட்டு, மனசுல வெச்சுக்காதீங்க என்றார். நான் அப்படிப் பேசுவேனா என்று கேட்டேன். இல்லை என்பார் என்றுதான் நினைத்தேன்.

அவர் துப்பட்டா நுனியை முறுக்கினார். மூன்று வருஷத்துக்கு முன், மூத்த பிள்ளையின் சமயத்தில், பக்ருன்னிசா பொய் வலிக்கு ஆள் அனுப்பியபோது அவளுடைய மாமியார், நாத்தனார் எல்லோர் முன்னாலும் நான் பேசியதை எடுத்துச் சொன்னார். அதன் பிறகு அந்தப் பெண்ணை மாமியார் ஒரு மாசம் ஏசிக்கொண்டிருந்தாளாம். எனக்கு நினைவே இல்லை. சத்தியமாக இல்லை. அவர்களுக்கு வார்த்தைக்கு வார்த்தை இருக்கிறது. அப்போதிலிருந்து எந்த வீட்டிலும் குழந்தையின் தலை தெரிகிற வரைக்கும் எனக்குச் சொல்லி அனுப்புவதில்லையாம். நர்ஸம்மாவைச் சும்மா கூப்பிட்டுவிட்டார்கள் என்ற பேர் வந்துவிடக் கூடாதாம். அப்படிக் கூப்பிட்ட வீட்டைப் பற்றித் தெரு முழுக்கச் சிரிப்பார்களாம்.

பிறகு குரலை இறக்கிச் சொன்னார். "போன வருசம் அஃப்ஸருக்கு சாயங்காலத் தொழுகைக்கே வலி கண்டுடுச்சி நர்ஸம்மா. அழுதா. நர்ஸம்மாவ கூப்பிடுங்கன்னு அழுதா. நாந்தான், இரு, இன்னும் ஜாஸ்தி ஆவட்டும், இல்லாட்டி வந்து வைவாங்கன்னு சொல்லி வெச்சேன். விடிகாலத் தொழுகைக்கு அப்புறந்தான் ஆள் அனுப்பினேன். இத நான் யார்கிட்டயும் சொல்லல. எங்க வூட்டுக்காரர்கிட்டகூட."

சாயங்காலத்திலிருந்து விடியும் வரை.

நான் எந்த வண்டியில் போயிருந்தால் என்ன? ரயிலிலேயே போயிருந்தால்தான் என்ன?

ஜூலை 14

எழுத முடியவில்லை.

ஜூலை 16, திங்கள்

டேனரிக்கே போய் சாயபுவைப் பார்த்தேன். வேலூர் நர்ஸை வரவழையுங்கள் என்றேன். அவர் பதறிப் போனார். வருத்தத்தில் சொல்லவில்லை, எந்த நர்ஸைக் கூப்பிட உங்கள் வீட்டுப் பெண்களுக்குப் பயமில்லையோ அவள் வரட்டும் என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அன்வரி பேகம் என்னிடம் சொன்னதை அவரிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. யாரை வைப்பதென்று பெண்கள் சொல்லட்டும் என்றேன்.

அங்கிருந்து பக்ருன்னிசா வீட்டுக்குப் போனேன். அவளுடைய மாமியார் முன்னால், நாத்தனார்கள் முன்னால், அன்று நான் பேசியது தவறு, அவள் கூப்பிட்டதுதான் சரி என்றேன். அவள் அழுதாள். மாமியார் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். வெளியே வந்து வண்டியைப் பிடிச்சேன். ஏற முடியல. உருட்டிக்கிட்டே வந்தேன்.

ஜூலை 29, ஞாயிறு

யாரும் கூப்பிடவில்லை. ஒரே நாளில் நம்பிவிடுவார்களா? நானாக இருந்தாலும் நம்பமாட்டேன்.

மாலையில் மாதனூர் வரை சும்மா சைக்கிளில் போய் வந்தேன். போவதற்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. வேகமாகவும் போகவில்லை. எருமையை விற்றுவிடலாமா என்று ஷபீ கேட்டார். மழைக்காலம் வருகிறது, இரண்டும் இருக்கட்டும் என்றேன். புது வண்டியால் நான் ஒரு வெற்றிலை அளவு வேகமாகியிருக்கிறேன். அவ்வளவுதான். ஆனாலும் எனக்கு அதில் போவது பிடித்திருக்கிறது. இதற்கு மேல் காரணம் எழுத வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 8, புதன்

மத்தியானம் சாயபு வீட்டு வண்டிக்காரன் வந்தான். அஃப்ஸர் ஜஹானுக்கு வயிறு இழுத்துப் பிடிக்கிறதாம். வேலூர் நர்ஸ் வந்தாயிற்றா என்று கேட்டேன். "சின்னம்மா வேணாம்னுட்டாங்க" என்றான். அவன் சின்னம்மா என்றது அஃப்ஸரை.

பொய் வலி. தொட்டவுடன் தெரிந்துவிட்டது. வீட்டுப் பெண்கள் எல்லோரும் கதவோரமாக நின்று என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அஃப்ஸர் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். நாக்கின் நுனியில் என்னவெல்லாமோ வந்தன. இத்தனை வருஷப் பழக்கம். விழுங்கினேன்.

"கூப்பிட்டது நல்லதாச்சு. ராத்திரி திரும்பவும் இழுத்தால் திரும்பவும் அனுப்பு" என்றேன்.

அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். "வைய மாட்டீங்களா?"

மாட்டேன் என்றேன். கதவோரத்தில் யாரோ நம்பாமல் களுக்கென்று சிரித்தார்கள். தேநீர் கொண்டுவந்தார்கள். உட்கார்ந்து குடித்தேன். எதிரே இருந்த விரிப்பு கோணலாக விரித்திருந்தது. அதையும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 21

மூன்றாம் தடவையாகப் பொய் வலி. இந்தத் தடவை அவளுக்கே தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். பேச ஆள் வேண்டியிருந்திருக்கிறது. போன குழந்தையைப் பற்றி இன்றுதான் கேட்டாள். தெரிந்ததைச் சொன்னேன். மாமியாரின் பங்கு அவளுக்கே தெரியும், அதை நான் எடுக்கவில்லை. என்னுடையதைச் சொன்னேன்.

செப்டம்பர் 6, வியாழன்

நேற்றுக் காலையிலேயே கூப்பிட்டு அனுப்பிவிட்டார்கள். இது நிஜ வலி, ஆனால் மெதுவானது. பகலெல்லாம் அவள் அறையிலேயே இருந்தேன். செய்ய ஒன்றும் இல்லை. அவளோடு நடந்தேன். முதுகு தேய்த்துவிட்டேன். என் வாழ்நாளில் ஒரு பிரசவத்துக்கு இவ்வளவு சீக்கிரமாகப் போய் இவ்வளவு சும்மா இருந்ததில்லை. அதனால்தான் நேர்ந்திருக்க வேண்டும்: நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன்.

அன்வரி பேகம் தோளைப் பிடித்து உலுக்கினார். "இன்னா நர்ஸம்மா, இப்படியா தூங்குறது? எழுந்திருங்க. நேரம் தெரிய வேணாமா உங்களுக்கு?" என்று வைதார். வைதுவிட்டு, தாம் சொன்னது காதில் விழுந்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த வலிக்கு நடுவிலும் அஃப்ஸர் சிரித்துவிட்டாள். முக்க வேண்டிய சமயத்தில் சிரித்தால் எப்படி? ஆனால் தலை இறங்கிவிட்டது.

இந்தக் குழந்தைக்கும் கொடி கழுத்தில் சுற்றியிருந்தது, ஒரு சுற்று. விரலை உள்ளே விட்டுத் தலைக்கு மேலாகக் கழற்றினேன். அழுதது. பெண். நான் அங்கே இருந்தேன்.

இதை எழுதும்போது வாசலில் ஒரு பெண்பிள்ளை நிற்கிறாள். டேனரிக்குப் பின்னாலுள்ள குடிசைப் பக்கமாம், முதல் பிரசவமாம். வலியா இல்லையா என்றே தெரியவில்லை, சும்மா ஒருமுறை கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தாளாம். அவளே நடந்து வந்திருக்கிறாள். செண்பகம் உள்ளே கூட்டி வந்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். கை கழுவப் போகிறேன்.