இருபத்தைந்து என்று காட்டிய பெட்டி

அக்டோபர் 6, திங்கள்

காலையில் தூறல். கடை திறக்கும்போது சுள்ளென்று வெயில். உத்தமபாளையத்திலேயே பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது.

வாங்க: இட்லி அரிசி, மச்சானுக்கு முட்டித் தைலம், சார்ஜர் வயர்.

ஆயுத பூஜை லீவு முடிந்ததில் இருந்து கம்பத்தில் எல்லா ஏலக்காய்க் கடையிலும் கூட்டம். எங்கள் கடையில் கூட்டத்தோடு சண்டையும். என் மேசையில் வரவு எழுதுவது வழக்கம்போல ஓடுகிறது. பக்கத்து மேசையில் கணேசண்ணன் பில் போட்டால் அது வெளியே வருவதற்குள் டீ ஆறிவிடுகிறது. மேலே குமுளிப் பக்கம் போகிறவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டுத் திட்டுகிறார்கள்.

தேனியிலிருந்து கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர் வந்தார். டாஸ்க் மேனேஜர் என்று ஒன்றைத் திறந்து, திரையை மு. பக்கம் திருப்பினார். (முதலாளி என்று ஒவ்வொரு தடவையும் எழுத முடியாது, மு. போதும்.)

"பாருங்க சார், சிபியு இருபத்தஞ்சு சதவீதம்தான் ஓடுது. முக்கால்வாசி சும்மா கெடக்கு. மெஷின்ல ஒரு குத்தமும் இல்ல."

மு. திரையைப் பார்த்தார். பிறகு கணேசண்ணனைப் பார்த்தார். "மெஷின் சும்மா கெடக்குன்னா அப்ப லேட்டு யாராலண்ணே? சனிக்கெழம வரைக்கும் பாப்பேன். அன்னைக்கும் இப்பிடி இழுத்தா வேற ஆளு போட்டுக்கிறேன்."

கணேசண்ணனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இரண்டு விரலில்தான் டைப் அடிப்பார், அது ஊருக்கே தெரியும். அதனால் யாரும் வாயைத் திறக்கவில்லை. நானும்தான்.

திரும்பி வரும் பஸ்ஸில் அனுமந்தன்பட்டி வந்ததும் கணேசண்ணன் எழுந்தார். இறங்கும்போது சொன்னார், "நான் தட்டிட்டுக் காத்துக்கிட்டுத்தான் இருக்கேன் தங்கச்சி. அதுதான் வரமாட்டேங்குது."

அக்டோபர் 7, செவ்வாய்

மேகமூட்டம். புளிச்சாறு, கருவாடு.

அந்த இருபத்தைந்து மண்டைக்குள்ளேயே நிற்கிறது. எதில் இருபத்தைந்து? எதை அளந்து சொன்னது?

என் மெஷினிலும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டேன். நல்ல பொழுதுபோக்கு. 5, 9, 4, 12. ஓரிடத்தில் நிற்பதே இல்லை. மவுஸைச் சும்மா வட்டமாக ஆட்டினால் ஏறுகிறது. விட்டால் இறங்குகிறது. வரவுப் பதிவைச் சேமித்தால் ஒரு குதி. திறந்த உடனே மட்டும் எண் பெரிதாக இருக்கிறது, அது டாஸ்க் மேனேஜர் தன்னைத் திறந்துகொண்ட வேலையையும் சேர்த்துச் சொல்வது. அளக்க வந்தவனே எடைத்தட்டில் ஏறி நிற்கிறான்.

உள்ளே இன்னொரு பக்கம், நீளமான பட்டியல். அதில் 'சிஸ்டம் ஐடில்' என்று ஒரு பெயர், நேராக 93. அடப்பாவி, இவன்தான் எல்லாவற்றையும் தின்கிறான் என்று நிறுத்தப் பார்த்தேன். விடவில்லை. போனில் தேடிப் படித்தேன், பாதி புரிந்தது. அது தின்கிறவன் இல்லை. வேலை இல்லாமல் இருந்த நேரத்தின் பெயர் அது. 93 என்றால் நூறில் தொண்ணூற்று மூன்று பங்கு நேரம் ஓய்வு. ஓய்வுக்கும் பெயர் வைத்துப் பட்டியலில் உட்கார வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் இப்படி ஒரு வரி இருந்தால் நன்றாக இருக்கும், எனக்கு எவ்வளவு வருகிறது என்று பார்க்கலாம்.

மு. எட்டிப் பார்த்து, "என்னத்தா ஷகிலா, படம் பாக்குறியா?" வரவு என்றேன்.

அக்டோபர் 8, புதன்

ராத்திரி மழை. வாசலில் சகதி.

கணேசண்ணன் சாப்பிடப் போன நேரத்தில் அவர் மெஷினைத் திறந்து பார்த்தேன். இரண்டு பில் பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. சிபியு ஓட்டத்தைக் கோடாகப் படம் போடும் பக்கத்தில் 25. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, கோடு போட்ட மாதிரி 25.

சரி, அப்படியானால் ஓய்வு 75 இருக்க வேண்டுமே. பட்டியலுக்குப் போனேன். சிஸ்டம் ஐடில்: 00.

மூடித் திறந்தேன். 00.

ஒரே வீட்டுக்குள் இரண்டு கணக்கு. ஒரு அறையில் கால்வாசிதான் வேலை என்கிறது, அடுத்த அறையில் மூச்சுவிட நேரமில்லை என்கிறது. யார் பொய்? எனக்கு உடம்பெல்லாம் ஒரு பரபரப்பு. சர்வீஸ்காரர் முதல் அறையை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து மச்சானிடம் சொன்னேன். என்னைக் கட்டிய புதிதில், முட்டி கெடுவதற்கு முன்னால், கம்பமெட்டு ரோட்டில் எஸ்டேட் ஜீப் ஓட்டியவர். கம்ப்யூட்டர் என்றாலே கொட்டாவி விடுவார், இன்று விடவில்லை.

"மேட்டுல ஃபர்ஸ்ட் கியர்ல ஏறையில ஆக்ஸிலேட்டர முழுசா மிதிச்சிருப்பேன். வண்டி உறுமும். முள்ளு பாத்தா இருவதுல நிக்கும். முள்ள மட்டும் பாக்குறவன், இவன் மிதிக்கவே இல்லம்பான்."

"அப்ப முள்ளு பொய்யா?"

"முள்ளு எதுக்குப் பொய் சொல்லுது. அது ஓடுன ஓட்டத்தச் சொல்லுது. பட்ட பாட்டச் சொல்லல."

தைலம் தேய்க்கும்போது வழக்கத்தைவிட நிதானமாகத் தேய்த்தேன். காலையில்தான் பாத்ரூம் போக இவ்வளவு நேரமா என்று அவரைக் கேட்டிருந்தேன்.

அக்டோபர் 9, வியாழன்

வெயில். கரண்ட் இரண்டு தடவை போனது.

முள் எங்கே என்று தேடினேன். அந்தக் கோட்டுப் படத்துக்குக் கீழேயே இருக்கிறது, வேகம் என்று. கணேசண்ணன் மெஷின் பெட்டிக்கு இயல்பான வேகம் 3.20. இப்போது ஓடுவது 0.79.

வகுத்துப் பார்த்தேன். கால். இருபத்தைந்து!

அதாவது பெட்டி முழு நேரமும் வேலை செய்கிறது. ஆனால் கால் வேகத்தில். செய்து முடித்த வேலையைக் கணக்குப் பார்த்தால் 25. செலவழித்த நேரத்தைக் கணக்குப் பார்த்தால் 100. இரண்டு அறையும் உண்மையைத்தான் சொல்லியிருக்கின்றன. இதற்கு மேல் அதால் முடியாது, அதுதான் அந்தக் கோடு நகரவே இல்லை.

ஏன் கால் வேகம்? போனில் படித்தது: சூடு அதிகமானால் வெந்து போகாமல் இருக்கத் தன்னையே மெதுவாக்கிக்கொள்ளுமாம். பெட்டியில் கை வைத்தேன். எடுத்துவிட்டேன். தோசைக்கல்.

என் பெட்டி உயரமானது. கணேசண்ணனுடையது ஒல்லியான சின்னப் பெட்டி, காற்று இழுக்கும் ஓட்டைகள் எல்லாம் ஒரே பக்கத்தில். அந்தப் பக்கம் முழுக்க முருகன் படம். லேமினேஷன் போட்ட பெரிய ஸ்டிக்கர். ஆயுத பூஜையன்று மு.வின் சம்சாரம் தன் கையால் ஒட்டியது. சந்தனம், குங்குமம் வைத்து, சமமான இடம் தேடித் தேடி ஒட்டினார்கள். என் பெட்டியில் தலைமேல் ஒட்டினார்கள், அதனால் நான் பிழைத்தேன்.

கணேசண்ணனிடம் காட்டினேன்.

"உரிச்சிரலாம்ணே."

"சாமி படத்தயா? மொதலாளியம்மா ஒட்டுனதயா? வேல போனாப் போகட்டும் தங்கச்சி."

எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் நானும் கை வைக்க முடியாது. பூஜைப் படத்தை ஷகிலா பானு கிழித்தாள் என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், ஏன் எதற்கென்று யாரும் கேட்க மாட்டார்கள். மு.விடம் சொல்லலாம். அவர் சம்சாரத்திடம் சொல்லப் பயப்படுவார், தேனிக்காரரைக் கூப்பிடுவார், தேனிக்காரர் இருபத்தைந்து என்பார்.

நாளை மறுநாள் சனி.

அக்டோபர் 10, வெள்ளி

காற்று நன்றாக. எடை போடுகிறவர்கள் ஜும்மா தொழுகைக்குப் பள்ளிவாசல் போய்விட்டார்கள். மு. பேங்க்கில். கடையில் நானும் கணேசண்ணனும் ஏலக்காய் வாசமும்.

மு.வின் வீடு மாடியில்தான், ஏறிப் போனேன். மு.வின் சம்சாரம் (மொதலாளியம்மா, இனி மு.அம்மா) கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். வரும் வழியெல்லாம் கால் வேகம், முழு வேகம் என்று பாடம் மாதிரி ஒத்திகை. வாயில் வந்தது வேறு.

"அக்கா, கீழ அந்தப் படம் ரொம்பச் சுடுது. ஒரு தடவ தொட்டுப் பாருங்களேன்."

கீரைக் கையோடு இறங்கி வந்தார்கள். தொட்டார்கள்.

"என்னத்தா இது, அடுப்பாட்டம். இது எப்பத்துல இருந்து?"

"ஒட்டுனதுல இருந்துக்கா. மெஷின் மூச்சு விடுற எடம் இது."

கணேசண்ணன் எழுந்து நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மு.அம்மா கையை முந்தானையில் துடைத்து, படத்தின் ஓரத்தைப் பிடித்தார்கள். சூட்டில் பசை இளகியிருந்தது. கிழியாமல், சுருங்காமல், அப்படியே வந்தது.

"இத்தன நாளு சுட வெச்சிருக்கேன் இவர. யாராச்சும் சொல்லக் கூடாதா," என்று எங்கள் இருவரையும் முறைத்துவிட்டு, கணேசண்ணன் தலைக்கு மேல் சுவரில் ஒட்டினார்கள். படியேறும்போது, "அங்கன காத்து வரும்."

உடனே ஒன்றும் நடக்கவில்லை. 0.79. 0.79. பெட்டி ஆறட்டும் என்று இரண்டு டீ சொன்னேன். பாதி டீயில் 1.6. பிறகு 2.4. பிறகு 3.2. கோடு ஒரே தாவலாய் மேலே போய், தேங்கியிருந்த பில் எல்லாம் பிரிண்டரில் வந்து விழுந்து, 7-க்கு இறங்கியது. சிஸ்டம் ஐடில் 93.

கணேசண்ணன் பிரிண்டரைப் பார்த்துச் சிரித்தார். திங்கட்கிழமைக்குப் பிறகு முதல் தடவை.

அக்டோபர் 11, சனி

மதியம் வரை வெயில், பிறகு இடி. குடை மறந்தேன்.

சரியான கூட்டம். மு. நாள் முழுக்கக் கணேசண்ணன் முதுகுக்குப் பின்னால் நின்றார். டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைக்கச் சொன்னார்.

"இப்ப ஏழுதான காட்டுது. அன்னைக்கு இருபத்தஞ்சு. இன்னும் மோசமால்ல போயிருக்கு?"

"மொதலாளி, எண்ணப் பாக்காதீக. வரிசையப் பாருங்க," என்றேன்.

வரிசையே இல்லை. குமுளிக்காரர் ஒருவர் பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "எந்தா கணேசா, இன்னைக்கு பில்லு ஓடுது," என்று பஸ்ஸுக்குப் போனார். இரண்டு விரலில்தான் அடித்தார் கணேசண்ணன். அதே இரண்டு விரல்.

சாயங்காலம் பார்த்தால் அவர் காலடியில் ஒரு மஞ்சப்பை. காலையிலேயே டிராயரைக் காலி செய்து வைத்திருக்கிறார். என்னிடம்கூடச் சொல்லவில்லை.

மு. போனைப் பார்த்துக்கொண்டே, "திங்கக்கெழம லோடு நெறைய வருதுண்ணே. நேரத்தோட வந்துருங்க."

அவ்வளவுதான். தப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. எனக்குக் கோபம் பொங்கியது, கேட்டுவிடலாமா என்று எழுந்தேன். கணேசண்ணன் கண்ணாலேயே உட்காரச் சொன்னார். பிறகு மஞ்சப்பையை மடியில் வைத்து, கண்ணாடிக் கூடு, சீப்பு, எவர்சில்வர் தம்ளர், ஒவ்வொன்றாக எடுத்து டிராயருக்குள் வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார்.