இரண்டாம் மாடிக்கு ஒரு பத்திரிகை

மாசி 15, ஞாயிறு

காலையிலேயே வெயில் சுள்ளென்று. இன்று சிறுவாணித் தண்ணீர் முறை. ஐந்தரைக்கே எழுந்து பிடித்தாகிவிட்டது. பால்கனிப் புறா மறுபடியும் முட்டை, இந்தத் தடவை என் துடைப்பத்தின் மேலேயே. புதுத் துடைப்பம் வாங்க வேண்டும்.

லிப்ட் கதவில் நோட்டீஸ். எங்கள் எட்டு வீட்டுக்கும் செயலாளரான வேணு சார் ஒட்டியது. புதன்கிழமை தேர்.
1. வண்டிகளைச் செவ்வாய் சாயங்காலமே வேறு எங்காவது நிறுத்தவும்.
2. புதன் மதியத்திலிருந்து கரண்ட் இருக்காது. லிப்ட் ஓடாது.
3. தேர் நம் வாசலைக் கடக்கும்போது மாடியில் யாரும் நிற்கக் கூடாது. எல்லோரும் கீழே இறங்கிவிடவும்.

மூன்றாவதுக்கு மட்டும் இரண்டு அடிக்கோடு. அம்மனுக்கு மேலே நின்று அம்மனைப் பார்ப்பதா என்பது இந்தக் கட்டடத்தின் சட்டம். என் பால்கனியில் நின்றால் தேரில் வரும் அம்மன் நேருக்கு நேர் என்கிறார்கள். ராஜ வீதியிலேயே நல்ல இடமாகப் பார்த்து வீடு வாங்கிவிட்டு, அந்த நேரத்தில் தெருவில் நிற்கப்போகிறேன். சிரிப்பு வந்தது. பிடித்தும் இருக்கிறது.

குடிவந்து பதினோரு மாதம். இது எனக்கு முதல் தேர்.

மதியம் ஒன்றுவிட்ட தம்பி போன் செய்தான். "பிரபுவுக்குக் கல்யாணம் முடிவாயிருச்சுங்க்கா. சித்திரைல." பிரபு என் அண்ணன் மகன். அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது கையைப் பிடித்துக் கூட்டிப்போனவள் நான். இந்தச் செய்தி எனக்கு மூன்றாவது ஆள் வழியாக வருகிறது.

"அண்ணன் பத்திரிகை குடுக்க வருவாரா?"

"அதைத்தானுங்க்கா அவரும் ரோசனை பண்ணிட்டிருக்காரு."

ரோசனை பண்ணத்தான் வேண்டும். எங்கள் பக்கம் கூடப்பிறந்தவளுக்குப் பத்திரிகை என்றால் புருஷன் பெண்சாதி இரண்டு பேரும் தட்டோடு வீட்டுக்கு வந்து கையில் கொடுக்க வேண்டும். போனில் சொன்னால் அழைத்த கணக்கில் சேராது. தபாலில் வந்தால் அவமானம். அண்ணனோ இந்த வீட்டில் கால் வைக்க மாட்டேன் என்று வாய் விட்டவர்.

வீட்டுக்காரர் போய் நாலு வருஷம். பொள்ளாச்சித் தோட்டத்தில் அண்ணன் எனக்கென்று ஒரு ரூம் கட்டி, பாத்ரூம் வைத்து, பெயின்ட்கூட அடித்துவிட்டார். என்னைக் கேட்காமல். நான் இங்கே வந்துவிட்டேன். "அந்தத் தீப்பெட்டிக்குள்ள என்ற காலு படாது, பாத்துக்க" என்றார். அதோடு பேச்சு நின்றது. பால் காய்ச்ச அண்ணன் வரவில்லை என்பதால் பாலே காய்ச்சவில்லை. இரண்டு பெட்டியோடு வந்து விளக்கைப் போட்டேன், அவ்வளவுதான். தினமும் டீக்குக் காய்ச்சுகிறேன். அது கணக்கில் வராது.

வீடு வாங்கியதில் தப்பே இல்லை. இன்றும் அதேதான் சொல்வேன்.

மாசி 16, திங்கள்

இப்படியும் ஒரு நாள்!

காலை பதினொன்று. ஆர்.எஸ்.புரம் கண்ணாடிக் கடை, நான் கண் பரிசோதிக்கும் இடம். டோக்கன் ஏழு என்று கூப்பிடுகிறேன், அண்ணன் உள்ளே வருகிறார். வெள்ளை வேட்டி, புதுத் துண்டு. பின்னால் நங்கை, அதாவது அண்ணன் பெண்சாதி, கையில் துணியால் மூடிய தட்டு. வீட்டுக்கு வராமல் கடையிலேயே பத்திரிகையைக் கொடுத்துவிடுகிற திட்டம்! அதற்காக டோக்கன் போட்டு, கூட்டத்தில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார் மனிதர்.

"வாங்கண்ணா. வாங்க நங்கை."

"கண்ணு பாக்கத்தான் வந்தேன்" என்றார், சுவரைப் பார்த்து.

சரி, பார்த்துவிடுவோம் என்று உட்காரவைத்தேன். வலது கண்ணை மூடச் சொன்னேன். இடது கண்ணுக்கு நாலாவது வரிக்குக் கீழே போகவில்லை. புரை ஆரம்பம். விளக்கை அணைத்துவிட்டுக் கருவியோடு பக்கத்தில் போனேன். முட்டி இடிக்கிற தூரம். "நேரா என்னைப் பாருங்ண்ணா." பதினோரு மாதம் கழித்து என்னைப் பார்த்தார். வேறு வழியில்லாமல். 

விளக்கைப் போட்டதும் தட்டை எடுத்தார். "பிரபுவுக்குக் கல்யாணம் வெச்சிருக்குது. வாங்கிக்கம்மிணி."

"ஊட்டுக்கு வந்து குடுங்ண்ணா."

"ஏன், இங்க வாங்குனா ஆகாதாக்கு?"

"இது கடைங்ண்ணா. எனக்கு ஊடு இருக்குது."

நங்கை என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார். நான் கையை நீட்டவில்லை. அண்ணன் தட்டை மறுபடி மூடி, "டோக்கன் எட்டுக் கூப்பிடு, சனம் நிக்குது" என்று எழுந்து போய்விட்டார். கண் சீட்டைக்கூட வாங்கவில்லை.

டோக்கன் எட்டு, ஒன்பது, பத்து எல்லாருக்கும் சரியாகத்தான் பார்த்தேன். மதியச் சாப்பாட்டு டப்பா மட்டும் திறக்கவே இல்லை.

மாசி 17, செவ்வாய்

வாங்கியவை: துடைப்பம், கல் உப்பு ஒரு பாக்கெட் (தேர்மேல் வீச), கொசுவத்தி. ஸ்கூட்டரைக் கடைப் பக்கம் விட்டுவிட்டு வந்தேன். தெரு முழுக்க இப்போதே பந்தல், மைக் செட், மல்லிகை வாசம், வறுத்த கடலை வாசம்.

முதல் மாடி ரஹீமாக்கா வாசலில் தண்ணீர் பாட்டில் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு. நாளைக்குத் தேர் இழுக்கிறவர்களுக்குக் கொடுக்க அவர் வீட்டுக்காரர் வருஷா வருஷம் வாங்கி வைப்பாராம். படியில் உட்கார்ந்து நேற்று நடந்ததைச் சொன்னேன்.

"நீ வாங்கியிருக்கலாம்" என்றார்.

"வாங்கியிருந்தா இந்த ஊட்டுக்கு அவர் எப்பவுமே வர மாட்டாருங்க்கா."

ஒரு பெட்டியை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, "அப்பச் செஞ்சது சரி" என்றார். தீர்ப்பு மாறியதில் எனக்கு ஒரே நிம்மதி. ஆனாலும் உள்ளே ஒன்று குடைகிறது. கல்யாணத்தில் அத்தையாக நான் நிற்காமல் போனால் பிரபு என்ன நினைப்பான்? என் பிடிவாதத்துக்கு அவனா பலி?

சாயங்காலம் நங்கையிடமிருந்து போன். குரல் தாழ்ந்து, தோட்டத்துப் பக்கம் தள்ளிப் போய்ப் பேசுகிறார் போல. "உங்கண்ணன் நேத்திருந்து சரியாச் சாப்பிடலீங்க அம்மிணி. நாளைக்கு நல்ல நாள், போலாம்னு இப்பத்தான் வாயைத் தொறந்தாரு."

"நாளைக்குத் தேருங்க நங்கை. ஊருக்குள்ள வண்டியே வராது."

"அதை அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க. சாக்காப் பிடிச்சுக்குவாரு."

சொல்லவில்லை. வீட்டைப் பெருக்கினேன். பெருக்கிய இடத்தையே மறுபடியும் பெருக்கினேன்.

மாசி 18, புதன்

கடைக்கு லீவு. பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போனது. மூன்று மணிக்கு வேணு சார் மாடி மாடியாக வந்து கதவு தட்டினார். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், தேர் நாளில் இரண்டும் கலந்து. "தேவகிம்மா, கீழ ரண்டி, கீழ வாங்க, அம்மன் முக்கு திரும்பியாச்சு!"

எட்டு வீடும் தெருவில். ரஹீமாக்கா மட்டும் முதல் மாடிப் படியில் பெட்டி பிரித்துக்கொண்டிருந்தார், பையன்கள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அண்ணனைக் காணோம். மூன்றரை. காணோம். வரமாட்டார் என்று மனதைத் தேற்றிக்கொள்ளவும் ஆரம்பித்துவிட்டேன்.

அப்போதுதான் கூட்டத்துக்கு மேலே ஒரு தட்டு தெரிந்தது. ஆள் தெரியவில்லை. இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்த தட்டு மட்டும் என்னைப் பார்த்து வருகிறது. உக்கடத்தில் காரை நிறுத்திவிட்டு அத்தனை ஜனத்துக்குள்ளும் அப்படியே நடந்து வந்திருக்கிறார். சட்டை பூராவும் வேர்வை, தோளில் யாரோ வீசிய உப்பு. நங்கை அவர் துண்டின் முனையைப் பிடித்துக்கொண்டு பின்னால்.

"தேருன்னு ஒரு வார்த்தை சொல்றதில்லியா அம்மிணி?"

"சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?"

தட்டை இறக்கி என் முன்னால் நீட்டினார். "சரி, இங்கயே வாங்கிக்க. அம்மன் சாட்சியாக் குடுக்கறேன்."

ஒரு நிமிஷம் கை நீண்டுவிட்டது எனக்கு. நிஜம். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கையை மடக்கிக்கொண்டேன். "அம்மன் போகட்டுங்ண்ணா. மேல போலாம்."

தேர் வந்தது. பேச்சு நின்றது. உப்புப் பாக்கெட்டை அவரிடம் நீட்டினேன். தட்டை நங்கையிடம் கொடுத்துவிட்டு, கை நிறைய அள்ளி வீசினார். சின்ன வயதில் கல்லெறிந்து மாங்காய் அடித்த அதே வீச்சு. நானும் வீசினேன். எதற்காக வேண்டிக்கொண்டேன் என்று இங்கே எழுத மாட்டேன். எழுதாமலே தெரியும்.

தேர் தாண்டியதும் தட்டை வாங்கிக்கொண்டு, "லிப்ட் எங்க?" என்றார்.

"கரண்ட் இல்லீங்ண்ணா. படிதான்."

என்னை ஒரு பார்வை பார்த்தார். ஏறினார். முட்டி வலி, பாதியில் மூச்சு. முதல் மாடியில் ரஹீமாக்கா நாற்காலி போட்டு, "உக்காருங்க, மொதல்ல தண்ணி குடிங்க" என்று பாட்டிலைத் திறந்து கொடுத்தார். உட்கார்ந்தார். தன் வீட்டுக்காரரின் முட்டியைப் பற்றி ரஹீமாக்காவும் தன் முட்டியைப் பற்றி அண்ணனும் பத்து நிமிஷம். பிறகு கைப்பிடிச் சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அடுத்த மாடி.

என் வாசலில் நின்றார். செருப்பைக் கழற்றினார். நிலைப்படியைப் பார்த்தார். 

"வாங்ண்ணா" என்றேன். 

வலது காலை எடுத்து வைத்தார்.

பிறகு வேகம்தான். சமையலறை, கட்டில், பாத்ரூம் குழாய், எல்லாவற்றையும் திருகிப் பார்த்தார். "தண்ணி நல்லாத்தான் வருது." பால்கனிக்குப் போய்ப் புறாவை விரட்டப் பார்த்தார், புறா அசையவில்லை. கீழே தெரு முழுக்க உப்பு. "இங்கிருந்து பாத்தா அம்மன் நேரா தெரிஞ்சிருக்குமே!"

"தெரியுங்ண்ணா. ஆனா அந்நேரம் இங்க யாரும் நிக்க மாட்டோம்."

குனிந்து தெருவைப் பார்த்தார். "நல்ல சனமாத்தான் இருக்காங்க" என்றார். சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார், வேர்வை காய்ந்து வெகுநேரம் ஆகியும்.

முறுக்கும் கடுங்காப்பியும் கொடுத்தேன். பால் கடை மூடியிருந்தது. இருட்டுவதற்குள் கார் எடுக்க வேண்டுமென்று நங்கை அவசரப்படுத்த, கிளம்பிவிட்டார்கள். கண் சீட்டை மறக்காமல் அண்ணன் சட்டைப் பையில் வைத்துவிட்டேன்.

மாசி 19, வியாழன்

வெயில். தெருவில் உப்பைக் கூட்டிக் குவித்திருக்கிறார்கள். லிப்ட் ஓடுகிறது.

காலை ஆறு மணிக்கு ரஹீமாக்கா கதவைத் தட்டினார். "தேவகி, உங்கண்ணன் தட்டு எங்க ஊட்டுலயே நின்னுபோச்சு. பாட்டில் பெட்டி மேல வெச்சவரு, அப்படியே ஏறிட்டாரு."

தலையில் கை வைத்துக்கொண்டேன். மூன்று பேர், ஒருவருக்குமே ஞாபகம் இல்லை! உக்கடத்திலிருந்து தலைக்கு மேல் தூக்கி வந்த தட்டு. கடைசியில் பத்திரிகை கொடுக்காமலே போயிருக்கிறார்.

"கொண்டாந்து தந்திருப்பேன்" என்றார் ரஹீமாக்கா. "ஆனா நான் குடுத்தா உங்க முறைக்கு ஆகாதுல்ல? அதான் துணிகூட எடுக்காம வெச்சிருக்கேன். வாழைப்பழம் மட்டும் கனிஞ்சிட்டே போகுது."

அண்ணனுக்கு நானே போன் செய்தேன். பதினோரு மாதத்தில் முதல் தடவை.

"அண்ணா, தட்டு முதல் மாடியிலயே இருக்குதுங்."

 அந்தப் பக்கம் நங்கையைத் திட்டுகிற சத்தம், நங்கை திருப்பித் திட்டுகிற சத்தம். பிறகு அண்ணன்.

"யாரும் தொடாதீங்க. அப்படியே இருக்கட்டும். நான் வந்து குடுக்கறேன்."

"எப்பங்ண்ணா? நல்ல நாள் பாக்கோணுமில்ல?"

"உன்ற ஊட்டுக்கு வாரதுக்கு எனக்கு எதுக்கம்மிணி நாளு? நாளைக்கு வாரேன்."

உன்ற ஊடு என்றார். தீப்பெட்டி என்று சொல்லவில்லை.

வாங்க வேண்டியவை: பால் ஒரு லிட்டர். மஞ்சள், பூ. ரஹீமாக்காவுக்குப் புது வாழைப்பழம். ஒரு பால் பாத்திரம், பொங்கி வழிகிற அளவுக்குச் சின்னதாக.