டயாலிசிஸ் நாற்காலியில் பேய்ப் படம்

இன்று காலை பாயான் பாரு பாசாரில் கீரை பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ அந்தப் பாட்டை முனகினார்கள். நம் பேய்ப் படத்தின் பாட்டு. முதலில் அந்த நீண்ட ஊளை, அப்புறம் ஆட்டத்துக்கு இழுக்கும் தாளம். திரும்பிப் பார்த்தேன். டயாலிசிஸ் நிலையத்தில் உங்களுக்குப் பக்கத்து நாற்காலியில் இருப்பாரே, அந்தச் சீன அங்கிள். ஒரு சொல் தமிழ் தெரியாதவர். “உங்க வீட்டுக்காரர் சொல்லிக் கொடுத்தது” என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவரால் முடிக்க முடியவில்லை.

நமக்குக் கல்யாணமான புதிதில் ஜார்ஜ்டவுனில் பார்த்த படம். நீங்கள் அக்கரையில் பிறை ஊரில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். லீவு கிடைப்பதே அபூர்வம். செத்துப்போன சமையல்காரர் ஒருவர், தம் வீட்டில் குடிவந்தவர்களை விரட்ட வருவார். அவர்கள் வைக்கும் ரசத்தைச் சகிக்க முடியாமல் தாமே சமையலில் இறங்கிவிடுவார். நான் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டேன். “பயப்படாதலா, பாவம், அது உப்புப் பாக்குது” என்றீர்கள். பிறகு எத்தனையோ வருடம் நான் சமைக்கும்போதெல்லாம் பின்னால் வந்து ஊளையிட்டீர்கள்.

சிறுநீரகம் கெட்டது. லாரியை விட்டீர்கள். ஒரு நாள் காலை, டயாலிசிஸுக்குக் கிளம்பும் நேரத்தில், கட்டிலை விட்டு எழவில்லை.

“போதும்மா. குத்திக் குத்திக் கை மரத்துப் போச்சு. இனிமே நான் வரல.”

பையைப் பிடித்தபடி வாசற்படியில் நின்று அழுதேன். நீங்கள் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டீர்கள். எனக்காகத்தான்.

அன்றைக்குப் பார்த்து நிலையத்துத் தொலைக்காட்சியில் அந்தப் படம். பாட்டு வந்ததும் கூடவே பாடினீர்கள். அங்கிள் என்னவென்று கேட்க, ஊளையிடச் சொல்லிக் கொடுத்தீர்கள். இருவரும் சேர்ந்து ஊளையிட்டதில் நர்ஸ் மிஸி ஓடி வந்தார்.

“அண்ணே, கைய ஆட்டாதீங்கலா! மெஷின் கத்துது!”

“கத்தல மிஸி, அதுவும் பாடுது.”

அந்த அறை முழுவதும் சிரித்தது. ஊசியை எடுத்த பிறகும் நீங்கள் எழவில்லை. கையில் கட்டோடு கடைசிக் காட்சி வரை உட்கார்ந்திருந்தீர்கள். நம்மை ஏற்றிப்போகும் நிலையத்து வேன் போய்விட்டது. வாடகைக் காரில் திரும்பும்போது ஜன்னலைப் பார்த்தபடி, “வியாழக்கிழமை சீக்கிரமா கெளம்பணும்மா” என்றீர்கள். அவ்வளவுதான். உங்களைத் திரும்பப் பெற்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

சில வாரங்கள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பசியாற உட்கார்ந்த நீங்கள் தோசையைத் தொடவே இல்லை. நான் சட்னியோடு வருவதற்குள் மேசைமேல் சாய்ந்திருந்தீர்கள். இதயம் நின்றுவிட்டது என்றார்கள்.

பெட்டியை மூடுவதற்கு முன் உங்கள் காதருகே குனிந்தேன். ஏதோ பிரார்த்தனை என்று சுற்றி நின்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

“பேயா வந்தாலும் பரவால்லங்க. வந்துடுங்க.”

நீங்கள் வரவில்லை. நம் மகள் என்னைத் தன்னோடு சிம்பாங் அம்பாட்டுக்கு வந்துவிடச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். வேறு வீட்டுக்குப் போனால் உங்களுக்கு வழி தெரியாது என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? கூடத்தில் ஏதாவது தானாக விழுந்தால் இப்போதெல்லாம் நான் எழுந்து போய்ப் பார்ப்பதில்லை. பூனையாகத்தான் இருக்கும். பார்க்காதவரை நீங்களாக இருக்கட்டும்.