உப்புக் குறை என்றுதான் சொன்னேன்

மரியாதைக்குரிய என் வீட்டுக்காரருக்கு வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். உங்கள் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது பேப்பரே படிக்கிறீர்கள் என்று சொல்லி மகள் என் வயிற்றில் பால் வார்த்தாள்.

சனிக்கிழமை என்னையும் பேத்தியையும் சந்தைக்குக் கூட்டிப் போனாள். வீட்டில் செய்த ரொட்டி, தேன், ஊறுகாய் எல்லாம் கடை பரப்பி விற்கிறார்கள். ஊறுகாய்க்காரர் ஒருவர் குச்சியில் குத்தி ஒரு துண்டு கொடுத்தார். "உப்புப் பத்தல, பத்தே நாள்ல பூஞ்சை பிடிச்சிடும்னு சொல்லுடி" என்றேன். மகள் அவர் பாஷையில் சொன்னாள். மனுஷர் பூரித்துப்போய் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பிறகு பக்கத்து ஓட்டலில் சாப்பிட்டோம். "குறை சொன்னாக்கூட எவ்வளவு சந்தோஷப்படுறாரு, பாத்தியா?" என்றேன்.

பேத்திக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பாட்டி, அம்மா அப்படிச் சொல்லவே இல்ல. சூப்பரா இருக்குன்னு சொன்னாங்க!" அவளுக்கு இரண்டு பாஷையும் தண்ணீர் பட்ட பாடு.

"அவர் மனசு நோகக் கூடாதுன்னுதாம்மா" என்றாள் மகள்.

அவள்மேல் கோபமில்லை. ஆனால், போனில் பேசினால் எனக்குக் காது சரியாகக் கேட்காததால், நீங்கள் அவளிடம் சொல்வதும் அவள் வாய் வழியாகத்தானே எனக்கு வருகிறது? அதனால்தான் என் ஐந்தாம் வகுப்புத் தமிழில் நானே எழுதுகிறேன், எழுத்தையும் பெரிதாக்கி.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் ரவிக்கைக் கொக்கி ஓர் அட்டை கொடுத்தனுப்புங்கள். இங்கே கிடைக்கவில்லை, பின் குத்திக்கொண்டு திரிகிறேன். பேத்திக்குப் பள்ளிக்கூடம் விடும் நேரமாகிவிட்டது.

இந்தக் கடிதத்தை நீங்களே படித்தீர்களா, பக்கத்து வீட்டுக்காரர் படித்துக் காட்டினாரா? அதை மட்டும் உங்கள் கையால் எழுதுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி