மலையம்மாவுக்கு வாங்கிய ரொட்டி

அன்புள்ள ஹசிந்தாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? சின்னவள் இப்போதாவது ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

போன வாரம் கயிறு உரசி உள்ளங்கையில் கொஞ்சம் தோல் உரிந்தது, வேறொன்றுமில்லை. நானும் என் அறைத்தோழன் எவாரிஸ்தோவும் ஒரு டாக்டருக்கு வழிகாட்டிகளாக இஸ்தாசிவாத்ல் எரிமலைக்குப் போயிருந்தோம். நெருப்பு அடங்கித் தூங்குகிற மலைதான். ஆனாலும் மலையம்மாவுக்கு ரொட்டி வைத்து உத்தரவு கேட்காமல் இங்கே யாரும் ஏறமாட்டார்கள். டாக்டர் அவசரப்படுத்தினார்.

எவாரிஸ்தோ சிரித்தான். "விடு மச்சான், மலையம்மா நமக்குத் தெரிஞ்சவதானே. எறங்கும்போது குடுத்துக்கலாம்."

மேலே அவன் காலடியில் பனி உடைந்தது. நான் விடவே இல்லை, ஹசிந்தா. கயிறுதான் அறுந்தது.

"ரொட்டி குடுக்காம எதுக்குய்யா ஏறுனீங்க?" என்று குழாயடியில் பெண்கள் கேட்கிறார்கள். நான் வாளியை நிரப்பிக்கொண்டு வந்துவிடுகிறேன். அறையிலோ பேச ஆளில்லை.

கம்பளித் தொப்பி இரண்டு கேட்டிருந்தேனே, ஒன்று போதும். நவம்பரில் இறந்தவர்கள் நாளன்று அப்பாவுக்குப் படையல் வைக்கும்போது பக்கத்தில் எவாரிஸ்தோவுக்கும் எள் ரொட்டி ஒன்று வை. அவனுக்கு வைக்க வேறு யாருமில்லை.

கடிதம் கொண்டுபோகிற வண்டிக்காரர் கூப்பிடுகிறார். அன்று வாங்கிய ரொட்டி இன்னும் என் பையில்தான் கிடக்கிறது. மலைக்குக் கொடுப்பதா, அவனுக்குக் கொடுப்பதா என்று தெரியவில்லை.

உன் அண்ணன்,
அன்செல்மோ