தட்டைப்பயறு வேரில் முடிச்சு

செம்பட்டி,
22-11-1962

கோயம்புத்தூரில் விவசாயப் படிப்புப் படிக்கும் மாண்புமிகு அண்ணன் சிலுவைமுத்து அவர்களுக்கு, தம்பி சவரிமுத்து பணிவோடு (சிரிக்க வேண்டாம்) எழுதுவது.

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: நம் வீட்டுச் சேவல் சென்ற திங்கட்கிழமை பக்கத்துத் தோட்டத்து ஆண்டிச்சாமி மாமாவின் தலைப்பாகையில் ஏறி நின்று கூவிற்று. உயிர்ச்சேதம் இல்லை. தலைப்பாகை மட்டும் துவைக்கப் போயிருக்கிறது.

அம்மா சுகம். அய்யா சுகமாக இருந்தால் சத்தம் போடுவார். இப்போது மிக மிகச் சுகமாக இருக்கிறார்.

காரணம் உங்கள் தட்டைப்பயறு. உங்கள் பேச்சைக் கேட்டுத்தானே கத்திரி போட்ட வயலில் அதை விதைத்தோம்? சேவல் மேலிருந்த கோபமோ என்னவோ, மறுநாள் மாமா ஒரு செடியைப் பிடுங்கி அய்யாவிடம் நீட்டி, "சூசை, வேரப் பாருய்யா, கொத்துக் கொத்தா முடிச்சு! போன வருசம் ஒன் கத்திரியக் கொன்ன அதே சீக்கு" என்று கொளுத்திப் போட்டார். அய்யா பற்றிக்கொண்டார். "விடிஞ்சதும் ஏரப் பூட்டி அம்புட்டையும் அழிச்சுப்புடுறேன். பெரியவன் படிச்சுக் கிழிச்சது போதும். வந்து ஏரு பிடிக்கச் சொல்லி எழுதுலே" என்று எனக்கு உத்தரவு.

நான் எழுதவில்லை. விடிந்ததும் வயலுக்குப் போய், பூட்டிய மாடுகளுக்கு முன்னால் சால் மேலேயே நீட்டிப் படுத்துக்கொண்டேன். செவலைக் காளை என் சட்டையை மோந்து பார்த்துத் தும்மிற்று. அய்யா சாட்டைக் கம்பை ஓங்கினார். "அடிங்க. அடிச்சுட்டுக் கேளுங்க" என்றேன். அடித்தார். பிறகு கேட்டார்.

நீங்கள் லீவில் சொன்னதையெல்லாம் எடுத்துவிட்டேன். வேரில் இருக்கும் பூனைமுடி போன்ற ரோமம், மண்ணில் இருக்கும் நல்ல கிருமியைக் கண்டால் நுனியை வளைத்துச் சுருட்டிப் பிடித்துக்கொள்ளும். உள்ளே வழிவிட்டு, முடிச்சென்று ஒரு வீடு கட்டிக் கொடுக்கும். பயிர் அதற்குச் சர்க்கரை ஊட்டும், அது காற்றிலிருக்கும் சத்தைப் பிடித்துப் பயிருக்கு உரமாக்கித் தரும் என்றேன். "இது சீக்கு முடிச்சு இல்ல, கல்யாண முடிச்சு. அத்துவிட்டா பாவம்" என்றும் சேர்த்துக்கொண்டேன். "காத்துலருந்து சோறு வருதாக்கும்? அப்ப ஒனக்கும் இன்னைக்கு அதான் சோறு" என்றார் அய்யா.

வரப்பில் பழைய கத்திரிச் செடி ஒன்று நின்றது. அதைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்தேன். அதன் முடிச்சு வேரோடு வேராக வீங்கியிருந்தது, உரித்தாலும் வரவில்லை. பயற்று முடிச்சோ நகம் பட்டதும் மணிபோல உதிர்ந்தது. கிள்ளிக் காட்டினேன். உள்ளே ரத்தச் சிவப்பு, கிருமி நன்றாக வேலை செய்வதற்கு நீங்கள் சொன்ன அதே அடையாளம். "அண்ணன் அனுப்புன பொட்டலத்துக் கிருமிதான் இது. அண்ணன் சொன்னது சொன்னபடி கஞ்சியில கலந்து வெதையில தடவுனது நான்" என்று மாமாவுக்கும் கேட்கும்படி முழங்கினேன்.

அய்யா தானே இன்னொரு முடிச்சைக் கிள்ளிப் பார்த்தார். ஏரை அவிழ்த்துவிட்டு, "இருக்கட்டும். பயிரும் இருக்கட்டும், பெரியவனும் அங்கயே இருக்கட்டும்" என்றார். எப்படி என் வக்கீல் வேலை?

அண்ணே, இனிமேல் எழுதுவதை நீங்கள் மட்டும் படித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள். கஞ்சியை நன்றாக ஆறவிட்டுக் கலக்கச் சொன்னீர்கள். அன்றைக்குக் கபடிக்குப் பையன்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றிவிட்டேன். உங்கள் கிருமிகள் அந்தக் கஞ்சியிலேயே மோட்சம் போயிருக்கும். விதையும் கொஞ்சம் முளைக்கவில்லை; பழியை எறும்பின் மேல் போட்டுவிட்டேன். அம்மா வரப்போரம் பொட்டலமே படாத விதையைத் தூவியிருந்தாள். நேற்று அதையும் பிடுங்கிப் பார்த்தேன். அதிலும் அதே முடிச்சு, அதே சிவப்பு. ஆக, வந்தது நம் மண்ணிலேயே கிடந்த கிருமிதான் போலிருக்கிறது. நான் முழங்கியதில் எனக்குப் பங்கே இல்லை.

இது சரிதானா என்று உங்கள் வாத்தியாரைக் கேட்டு எழுதுங்கள். அய்யா பெயருக்கு வேண்டாம், என் பெயருக்கு. ஒருவேளை அய்யாவுக்குத் தெரிந்து, மறுபடி ஏரைப் பூட்டி உங்களைக் கூப்பிட்டாலும் வராதீர்கள். பரீட்சையை எழுதுங்கள். ஏர் பிடிக்க நான் இருக்கிறேன்.

முதுகு வலியோடு,
உங்கள் சொல்பேச்சுக் கேட்காத தம்பி
சவரிமுத்து