சூடான்காரனுக்கு நீ அனுப்பிய கேள்விகள்

தோஹாவிலிருந்து லீவில் வந்த கோட்டுச்சேரிக்காரர் நேற்று ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார். பிரித்ததும் வீடெல்லாம் புளிப்பு வாசம். சூடான் நாட்டில் சுடுதண்ணீரில் போட்டுக் குடிப்பார்களே, அந்தக் காய்ந்த சிவப்புப் பூ. தோஹாவில் என் அறைத் தோழனாக இருந்த உஸ்மான் வருஷாவருஷம் உனக்கென்று கொடுத்தனுப்புவான். நீ மவுத்தாகி மண்ணுக்குள் போனது தெரிந்தும் இந்த வருஷமும் உன் பெயரையே எழுதியிருக்கிறான். இத்தனை காலம் அவனுக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடந்த உன் புருஷன் எனக்கு ஒரு பேரீச்சம்பழம்கூட இல்லை. வயிறு எரியுமா எரியாதா, நீயே சொல்.

புத்தகம் எடுக்கும்போது எழுதியவர் எந்த ஊர், எந்த மார்க்கம் என்று பார்ப்பாய். நம்மைப்போல் இல்லாதவராகப் பார்த்துத்தான் எடுப்பாய். துருக்கிக்காரர், கென்யாக்காரி, மராத்தியச் சேரியில் பிறந்து தன் கதையை எழுதியவர் என்று நூலகத்திலிருந்து ஆள் மாற்றி ஆள் நம் வீட்டுக்கு வந்துகொண்டே இருந்தார்கள், நான் இல்லாத வீட்டுக்கு. கேட்டால், “நம்ம ஆளுங்க கதைதான் நமக்குத் தெரியுமே மச்சான்” என்பாய்.

ஒருமுறை சூடான் நாவல் ஒன்று படிப்பதாகச் சொன்னாய். என் ரூமிலும் ஒரு சூடான்காரன் இருக்கிறான் என்று வாயை விட்டேன். போச்சு. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை போனில் பாதி நேரம் அவனுக்கு. அவர்கள் ஊரில் கல்யாணப் பெண்ணுக்குப் புகை போடுவார்களாமே, எதற்கு என்று கேட்டுச் சொல்ல வேண்டும். ஆறு பெருகினால் வீட்டை என்ன செய்வார்கள் என்று கேட்க வேண்டும். எனக்கு அவனுடைய குறட்டையைத் தவிர எதுவும் தெரியாது. அவனோ ஜும்ஆ தொழுகை முடிந்ததும் என் கட்டிலில் வந்து உட்கார்ந்துகொண்டு, சிஸ்டர் இன்றைக்கு என்ன கேட்டார்கள் என்பான். பற்றிக்கொண்டு வரும்.

“முதுகுவலின்னு சொன்னேனே, அது காதுல விழலையா?” என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“தைலம் தேய்ங்க. அவரு என்ன சொன்னாரு?” என்றாய். சிரிப்பு வேறு.

கடைசியாக நீ கேட்டது வேறு மாதிரி இருந்தது. “புருஷன் வெளிநாட்டுச் சபர்ல இருக்கிற பொம்பளைங்க அங்க ராத்திரி யாரோட உக்காந்து சாப்பிடுவாங்கன்னு கேளுங்க.” வேண்டாவெறுப்பாகக் கேட்டுவைத்தேன். தனக்குத் தெரியாது, உம்மாவிடம் கேட்கிறேன் என்றான் உஸ்மான். அதற்குள் உனக்கு நெஞ்சுவலி என்று செய்தி வந்தது. விசாவைக் கேன்சல் செய்துகொண்டு ஓடிவந்தேன். சில நாள்தான் என்னோடு இருந்தாய்.

நீ போன மறுநாள் உஸ்மான் போன் செய்தான். உன் முகத்தையே பார்க்காதவன் என்னைவிட அதிகமாக அழுதான். அந்த நேரத்திலும் எனக்கு எரிந்தது. அழுது முடித்து, உம்மாவின் பதில் வந்துவிட்டது என்றான். வாப்பா வெளிநாட்டில் இருந்தபோது உம்மா தனியாகத்தான் சாப்பிடுவாராம். ஆனால் தன் தட்டோடு வாப்பாவின் தட்டையும் தினமும் கழுவி வைப்பாராம். யாரும் சாப்பிடாத தட்டு.

நீ கேட்டது சூடான் பெண்களைப் பற்றி இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது, புள்ள.

அந்த சூடான் நாவலை இப்போது நான் படிக்கிறேன். உன் வேகம் எனக்கு வராது. ராத்திரி சாப்பிட்டதும் இரண்டு தட்டு கழுவுகிறேன். உஸ்மான் போனில் ஒன்று விடாமல் விசாரிக்கிறான். இதை மட்டும் அவனிடம் சொல்லமாட்டேன்.